பழைய எந்திரப் படங்களை எப்படிப் பார்ப்பது?

பாலிடெக்னிக்கில் என்ஜினியரிங் டிராயிங் நடத்துகிறேன். முதல் வருடப் பிள்ளைகள் டிராஃப்டரைத் தொடுவதற்கு முன்னால் ஆளுக்கொரு பழைய எந்திரப் படத்தைக் கொடுத்து உட்கார வைத்துவிடுவேன். 1556-இல் அச்சான சுரங்கப் பம்ப், 1719-இல் செப்புத் தகட்டில் செதுக்கிய நீராவி எஞ்சின், 1846-ஆம் வருடத்துத் தையல் மெஷின் காப்புரிமைப் படம், இப்படி ஏதாவது ஒன்று. எந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பதை இவற்றைப் போல வேறெதுவும் சொல்லித்தராது. இன்றைக்கு எல்லாவற்றையும் ஒரு மூடிக்குள் அடைத்துவிடுகிறோம். அன்றைய எந்திரத்தில் தண்டும் சங்கிலியும் பல்சக்கரமும் கண்ணெதிரே நின்றன. வரைந்தவர்களும் அவற்றை விளக்குவதற்காகவே வரைந்தார்கள்.

ஆனால் பெரும்பாலானோர் இந்தப் படங்களை அழகுக்காகச் சேமித்துவைத்து அதோடு விட்டுவிடுகிறார்கள். விசை எங்கே பிறக்கிறது, எதைத் தள்ளுகிறது, எங்கே போய் வேலையாக முடிகிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னால் தடுமாறுகிறார்கள். விரல் வைத்துச் சொல்ல முடிந்தால்தான் படத்தைப் பார்த்ததாக என் வகுப்பில் கணக்கு.

முதலில் நல்ல பிரதி வேண்டும். வாட்ஸ்அப்பில் சுற்றும் படம் பத்து கை மாறி, சுருங்கி, ஓரம் வெட்டப்பட்டு வந்திருக்கும். எந்திரப் படத்தில் ஓரம்தான் முக்கியம். வரைந்தவர் பெயர், வருடம், உறுப்புகளின் விளக்கப் பட்டியல் எல்லாம் அங்கேதான் இருக்கும். அதனால் படம் கிடைத்ததும் கூகுள் லென்ஸில் போட்டு, எந்த அருங்காட்சியகமோ நூலகமோ அதன் மூலத்தை வைத்திருக்கிறது என்று தேடுங்கள். அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் பழைய புகைப்படங்களைப் பெரிய டிஃப் கோப்பாகவே தருகிறது. லண்டனின் வெல்கம் கலெக்ஷன், சயின்ஸ் மியூசியம், வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் ஆகியவற்றின் தளங்களிலும் தேடலாம். முழுப் புத்தகமாக வேண்டுமென்றால் இன்டர்நெட் ஆர்க்கைவ். விக்கிமீடியா காமன்ஸ் வசதியானதுதான், ஆனால் அங்கே நிறுத்திக்கொள்ளாதீர்கள். படத்துக்குக் கீழே மூலம் எது என்று கொடுத்திருப்பார்கள், அதைப் பிடித்துக்கொண்டு மூலப் பதிவுக்கே போங்கள். ஒரு அங்குலத்துக்குள் இருக்கும் சின்ன எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் வேறு பிரதி தேடுங்கள்.

சரி, பிரதி கிடைத்துவிட்டது. ஒரு படத்தை எடுத்துக்கொண்டு கடைசிவரை போவோம். நான் எப்போதும் தொடங்குவது தாமஸ் நியூகாமனின் எஞ்சினில். இங்கிலாந்தில் டட்லி கோட்டைக்கு அருகே 1712-இல் நிலக்கரிச் சுரங்கத்துத் தண்ணீரை இறைக்க நிறுவியது. அதைத் தாமஸ் பார்னி என்பவர் 1719-இல் செதுக்கி அச்சிட்டார். இணையத்தில் எளிதாகக் கிடைக்கும்.

படத்தின் நடுவில் பெரிய உத்தரம் ஒன்று தராசுக் கோல் மாதிரி சுவரின் மேல் உட்கார்ந்திருக்கும். ஒரு பாதி எஞ்சின் கட்டடத்துக்குள், மறு பாதி வெளியே. உள்பக்க நுனியிலிருந்து சங்கிலி இறங்கி பிஸ்டனைப் பிடித்திருக்கிறது. பிஸ்டன் ஒரு நெட்டுக்குத்தான சிலிண்டருக்குள் இருக்கிறது. சிலிண்டருக்கு நேர் கீழே பாய்லர். வெளிப்பக்க நுனியில் இன்னொரு சங்கிலி, அதில் சுரங்கத்துக்குள் இறங்கும் பம்ப் தண்டு.

இப்போது விரலை பாய்லரில் வையுங்கள். நீராவி மேலே ஏறி சிலிண்டருக்குள் வருகிறது. “நீராவி பிஸ்டனைத் தள்ளுது மேடம்” என்று வகுப்பே சொல்லும். அங்கேயே நிறுத்தி, பிஸ்டனைப் பிடித்திருப்பது என்ன என்று கேட்பேன். சங்கிலி. சங்கிலியால் இழுக்க முடியும், தள்ள முடியுமா? முடியாது. அப்படியானால் நீராவி பிஸ்டனை மேலே தள்ளி உத்தரத்தைத் தூக்கவில்லை. வெளிப்பக்கம் தொங்கும் பம்ப் தண்டின் கனம்தான் அந்தப் பக்கத்தைக் கீழே இழுத்து, பிஸ்டனை மேலே தூக்குகிறது. நீராவி அந்த இடத்தை நிரப்புகிறது, அவ்வளவுதான். அப்புறம் சிலிண்டருக்குள் குளிர்ந்த தண்ணீர் பீய்ச்சுகிறது, நீராவி சுருங்கித் தண்ணீராகிறது, உள்ளே வெற்றிடம். மேலே இருக்கும் காற்றின் அழுத்தம் பிஸ்டனைக் கீழே அமுக்குகிறது. வேலை நடப்பது அந்த நொடியில். அப்போதுதான் வெளிப்பக்கம் உயர்ந்து தண்ணீர் மேலே வருகிறது. இந்த எஞ்சினை ஓட்டுவது வளிமண்டலம் என்ற உண்மை முழுக்க அந்த ஒரு சங்கிலியில் இருக்கிறது. படத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். உத்தரத்தின் இரண்டு நுனியும் வில்போல வளைந்திருக்கும். உத்தரம் ஊசலாடும்போது சங்கிலி அந்த வளைவின்மேல் படிந்து, பிஸ்டன் தண்டு சாயாமல் நேராக மேலும் கீழும் போக வேண்டும் என்பதற்காக அந்த வளைவு.

உத்தரத்திலிருந்து மெல்லிய தண்டு ஒன்றும் தொங்கும். பலரும் அதைக் கவனிப்பதில்லை. அது வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு. எந்திரம் தன் அசைவாலேயே தன் வால்வை இயக்குகிறது. 1719-இல் அச்சான படத்தில் தானியங்கி இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்னமும் சிலிர்க்கிறது.

விரல் பயணம் முடிந்தால் எண்களுக்கு வாருங்கள். பார்னி தன் படத்திலேயே அளவுகளை எழுதி வைத்திருக்கிறார். சிலிண்டர் விட்டம் 21 அங்குலம், உயரம் 7 அடி 10 அங்குலம். உத்தரம் நிமிடத்துக்கு 12 தடவை ஆடும். ஒவ்வொரு தடவையும் 10 காலன் தண்ணீரை 51 கஜம் உயரத்துக்குத் தூக்கும். ஒரு காலன் தண்ணீரை ஏறத்தாழ 10 பவுண்டு என்று வைத்தால், 100 பவுண்டை 153 அடி தூக்குவது நிமிடத்துக்கு 12 முறை. பெருக்கினால் 1,83,600 அடி-பவுண்டு. ஒரு குதிரைத்திறன் என்பது நிமிடத்துக்கு 33,000. வகுத்தால் சுமார் ஐந்தரை எச்.பி. நம் ஊர்த் தோட்டத்துக் கிணற்று மோட்டார் அளவு! இந்தக் கணக்கைப் பிள்ளைகளே போட்டுக் கண்டுபிடிக்க வேண்டும், நாம் சொல்லிவிடக் கூடாது. பழைய படத்தில் எண் இருந்தால் அதை வைத்து ஒரு கணக்காவது போடாமல் நகராதீர்கள்.

விசையை இப்படிப் பாகம் பாகமாகப் பின்தொடரும் பழக்கம் வந்துவிட்டால், தேதி போடாத படத்துக்கும் ஏறக்குறையத் தேதி சொல்ல முடியும். ஜேம்ஸ் வாட், நீராவியைச் சுருக்குவதற்குத் தனியாக ஒரு கலம் வைத்து 1769-இல் காப்புரிமை பெற்றார். ஆகவே சிலிண்டருக்குப் பக்கத்தில் தனிக் கலம் இருந்தால் அது நியூகாமன் வகை அல்ல. அடுத்து, பிஸ்டனின் இரண்டு பக்கமும் நீராவியை விட்டு, ஏறும்போதும் இறங்கும்போதும் வேலை வாங்க ஆரம்பித்தார். இப்போது பிஸ்டன் தள்ளவும் வேண்டும் அல்லவா? சங்கிலி உதவாது. அதற்காகவே 1784-இல் இணைப்புத் தண்டுகளால் ஆன ஒரு நாற்கரச் சட்டத்துக்குக் காப்புரிமை வாங்கினார். உத்தர நுனியில் சங்கிலிக்குப் பதில் அந்தச் சட்டம் தெரிந்தால், நீங்கள் பார்ப்பது 1784-க்குப் பிந்தைய வடிவமைப்பு.

சுழற்சியைச் சீராக்கும் கனமான சக்கரமான ஃப்ளைவீல் பக்கமும் ஒரு அடையாளம் உண்டு. மேலும் கீழும் போகும் அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பல்சக்கரத்தைச் சுற்றி இன்னொரு பல்சக்கரம் வருகிறதா? சூரியனும் கோளும் என்று அழைக்கப்பட்ட அமைப்பு அது. எஞ்சினில் கிராங்கைப் பயன்படுத்தும் காப்புரிமை ஜேம்ஸ் பிக்கார்ட் கையில் 1780-இலிருந்து இருந்ததால், அதைச் சுற்றிப் போக 1781-இல் வாட் இதற்குக் காப்புரிமை பெற்றார். அவரிடம் வேலை பார்த்த வில்லியம் மர்டாக்கின் யோசனை இது என்பார்கள். பிக்கார்டின் காப்புரிமை 1794-இல் முடிந்தது, மெல்ல மெல்ல எல்லாரும் கிராங்குக்கே திரும்பினார்கள். எஞ்சினின் வேகத்தைக் கட்டுப்படுத்த இரண்டு உருண்டைகள் சுற்றும் கவர்னர் இருந்தால் 1788 அல்லது அதற்குப் பிறகு. பாகங்களை இப்படித் தனித்தனியாகப் பார்த்து, எல்லாவற்றுக்கும் பொருந்துகிற காலத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாகத்தான் படத்தின் கீழே அச்சிட்ட தேதியைப் பாருங்கள்.

வரைந்த முறையைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ஜார்ஜ் அக்ரிகோலாவின் சுரங்கவியல் நூல் அவர் இறந்த மறு வருடம், 1556-இல், பாசல் நகரில் வெளியானது. அதில் மரச்செதுக்குப் படங்கள் நிறைய. தரையை வெட்டிவிட்டு, உள்ளே பம்ப் எப்படி நிற்கிறது என்று காட்டியிருப்பார்கள். அதே பம்பின் பாகங்கள் தரையில் தனித்தனியாகக் கிடக்கும், யாரோ கழற்றிப் போட்ட மாதிரி. ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து, அதற்கான பட்டியல் அதே பக்கத்தில். இன்றைய வெட்டுத் தோற்றமும் பிரித்துக் காட்டும் தோற்றமும் அங்கே அப்படியே இருக்கின்றன. லத்தீன் தெரியாவிட்டால் கவலை வேண்டாம். பிற்பாடு அமெரிக்க ஜனாதிபதியான ஹெர்பர்ட் ஹூவர், சுரங்கப் பொறியாளராக இருந்தபோது மனைவி லூ ஹென்றி ஹூவருடன் சேர்ந்து செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1912-இல் வந்தது. படங்களும் அதில் இருக்கின்றன.

பிரான்சில் டிடரோவின் கலைக்களஞ்சியத்துக்காக 1762 முதல் 1772 வரை வந்த 11 படத் தொகுதிகளில் இன்னொரு முறை. மேலே பட்டறைக் காட்சி, கீழே கருவிகளும் பாகங்களும் வரிசையாக. எனக்கு மிகவும் பிடித்த வரிசை இது. ஆனால் மேல்பாதியை அப்படியே நம்பாதீர்கள். அந்தப் பட்டறைகள் எல்லாம் துடைத்துவைத்தது போல் இருக்கும். புகை இல்லை, நெரிசல் இல்லை. கீழ்பாதியில் இருக்கும் கருவிகளிடம் நம்பிக்கை வையுங்கள்.

நம்பிக்கை என்றதும் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. எந்திரத்தைப் பார்த்து வரைந்த படம் வேறு, இப்படி ஒன்று செய்யலாம் என்று வரைந்த படம் வேறு. இத்தாலியப் பொறியாளர் அகோஸ்தினோ ரமெல்லி 1588-இல் வெளியிட்ட நூலில் 195 படங்கள். அதில் புகழ்பெற்றது புத்தகச் சக்கரம். உட்கார்ந்த இடத்தில் சக்கரத்தைச் சுற்றினால் புத்தகங்கள் ஒவ்வொன்றாகக் கண்முன் வரும். எந்தப் புத்தகமும் கவிழக் கூடாது என்று உள்ளே சிக்கலான பல்சக்கரத் தொகுதி ஒன்றை வைத்திருக்கிறார். ராட்டினத் தொட்டில் மாதிரி தொங்கவிட்டிருந்தாலே பலகைகள் நிமிர்ந்து நிற்குமே! பல்சக்கரத்தின் மேல் இருந்த ஆசையில் வரைந்தது அது. அறிவின் ஆட்டமாக அதை ரசிக்கலாம், அந்தக் காலத்துப் படிப்பறைகளில் அது இருந்ததற்குச் சாட்சியாகக் காட்டக் கூடாது.

ஓவியங்களிடம் இன்னும் எச்சரிக்கை வேண்டும். ஜேம்ஸ் வாட் 1819-இல் இறந்தார். அவர் மாதிரி எஞ்சினின் முன் சிந்தனையில் உட்கார்ந்திருக்கும் ஜேம்ஸ் எக்ஃபோர்ட் லாடரின் ஓவியம் 1855-இல் வரையப்பட்டது. கெட்டிலில் ஆவி வருவதைச் சிறுவன் வாட் உற்றுப் பார்க்கும் படங்களும் அப்படி அவர் காலத்துக்குப் பின் வந்தவைதான். 19-ஆம் நூற்றாண்டு மக்கள் வாட்டை எப்படிக் கொண்டாடினார்கள் என்று தெரிந்துகொள்ள அவை உதவும். எஞ்சினைப் பற்றித் தெரிந்துகொள்ள உதவாது.

அருங்காட்சியகத்தில் அசல் எந்திரமே இருந்தாலும் விசாரிக்க வேண்டும். ஸ்டீஃபன்சன்களின் ராக்கெட் என்ற ரயில் எஞ்சின் 1829-இல் இங்கிலாந்தின் ரெயின்ஹில் போட்டியில் ஓடியபோது சிலிண்டர்கள் நன்றாகச் சாய்ந்திருந்தன. சில வருடங்களிலேயே அவற்றைக் கிட்டத்தட்டப் படுக்கைவாட்டுக்கு இறக்கிவிட்டார்கள், வேறு மாற்றங்களும் செய்தார்கள். 1862-இல் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது அந்த மாறிப்போன ராக்கெட்தான். அசலின் புகைப்படத்தையும் 1829 காலத்துப் படத்தையும் பக்கத்தில் வைத்தால் இரண்டு வேறு எந்திரம் போல இருக்கும். இரண்டுமே உண்மை, வருடம்தான் வேறு.

இப்போது புதிதாக ஒரு தொல்லை, செயற்கை நுண்ணறிவு செய்துதரும் ‘பழைய’ படங்கள். நிறம் மங்கி, ஓரம் கிழிந்து அசல் போலவே இருக்கும். விரல் முறை இங்கே கைகொடுக்கும். பல்சக்கரத்தின் பற்கள் ஒன்றோடொன்று கடிக்கின்றனவா? பெல்ட் ஒரு கப்பியில் தொடங்கி இன்னொன்றில் முடிகிறதா, நடுவழியில் காணாமல் போகிறதா? அடையாள எழுத்துகள் எழுத்துகள்தானா? விசையைப் பின்தொடர முடியாமல் நடுவில் அறுந்தால் மூலப் பதிவு கிடைக்கும்வரை அதைப் பயன்படுத்தாதீர்கள்.

புகைப்படத்துக்கு வேறு கண் வேண்டும். 1839-இல் உலகுக்கு அறிமுகமான, வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் எடுக்கும் டாகெரோடைப் படங்கள் பெரும்பாலும் கண்ணாடிப் பிம்பம் போல இடவலம் மாறியவை. எந்திரத்தின் மேல் எழுத்து இருந்தால் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். 1850, 60-களின் கண்ணாடித் தகட்டுப் படங்களுக்கு ஒளி பல நொடி பட வேண்டும். ஃப்ளைவீலின் ஆரக்கால்கள் கூர்மையாகத் தெரிந்தால் படம் எடுக்க எஞ்சினை நிறுத்தியிருக்கிறார்கள். ரயில் எஞ்சின் கட்டும் தொழிற்சாலைகள் எடுத்த படங்களில் எஞ்சின் சாம்பல் நிறமாக, பின்னணி வெள்ளையாக இருப்பதைக் கண்டிருப்பீர்கள். படத்தில் நுணுக்கம் தெரிய வேண்டும் என்று மங்கலான சாம்பல் வண்ணம் பூசி எடுத்து, பின்னணியைத் தகட்டிலேயே மறைத்துவிடுவார்கள். அந்த எஞ்சின் அந்த நிறத்தில் ஓடவில்லை.

அளவுக்கோல் இல்லாத புகைப்படத்தில் மனிதரைத் தேடுங்கள். அமெரிக்கப் புகைப்படக்காரர் லூயிஸ் ஹைன் 1908-இல் வட கரோலினாவின் விட்னெல் நூற்பாலையில் எடுத்த படம் ஒன்று லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் இருக்கிறது. நூற்பு எந்திரத்தின் பக்கத்தில் ஒரு சிறுமி நிற்கிறாள். ஹைன் எழுதிய குறிப்பில், அவள் உயரம் 51 அங்குலம், ஆலையில் ஒரு வருடமாக வேலை, சில நாள் இரவிலும், நான்கு பக்கம் பார்த்துக்கொள்கிறாள், நாளுக்கு 48 சென்ட் என்று இருக்கிறது. 51 அங்குலம் என்றால் சுமார் 130 சென்டிமீட்டர். அந்த ஒரு எண்ணை வைத்து, அவள் நிற்கும் தூரத்திலேயே எந்திரத்தின் உயரம், பாபின் வரிசையின் உயரம், அவள் கை எட்டும் தூரம் எல்லாவற்றையும் ஸ்கேலால் அளந்துவிடலாம். அவளைத் தாண்டித் தூரம் போகப் போக எந்திரம் சிறுத்துத் தெரியும், அங்கே அளக்கக் கூடாது. ‘பக்கம்’ என்பது எந்திரத்தின் ஒரு பக்கத்தில் இருக்கும் ஸ்பிண்டில் வரிசை. அறுந்த நூலைச் சேர்த்துக்கொண்டு அவள் நான்கு வரிசைக்கும் நடந்துகொண்டே இருக்க வேண்டும். அளவெடுக்கும் வேலை என்று கொடுத்தேன், அளந்து முடித்ததும் என் மாணவிகள் வெகுநேரம் அந்தச் சிறுமியைப் பற்றித்தான் பேசினார்கள். குழந்தைத் தொழிலாளர் முறைக்கு எதிராக எடுக்கப்பட்ட படம் அது. எந்திரத்தின் அளவைத் தெரிந்துகொண்டவர்களுக்கு அதன் கனம் இன்னும் கூடுதலாகப் புரிகிறது.

அப்புறம் காப்புரிமைப் படங்கள். கூகுள் பேட்டன்ட்ஸில் எண் போட்டுத் தேடுவதே நல்லது, பழைய அச்சை மென்பொருள் தப்பும் தவறுமாகப் படித்திருப்பதால் சொல் தேடல் பல நேரம் ஏமாற்றும். எலியாஸ் ஹோவின் அமெரிக்கக் காப்புரிமை 4,750 (1846), ஐசக் சிங்கரின் 8,294 (1851) இரண்டையும் அருகருகே வையுங்கள். தையல் மெஷினை அறியாத வீடு நம்மிடம் குறைவு, அதனால் இது எல்லாருக்கும் பிடிபடும். ஹோவின் மெஷினில் துணி ஊசிகள் பதித்த ஒரு தகட்டில் செங்குத்தாகத் தொங்குகிறது, வளைந்த ஊசி பக்கவாட்டில் போய்வருகிறது. தகடு முடிந்தால் துணியைக் கழற்றி மறுபடி மாட்ட வேண்டும். சிங்கரில் துணி மேசைமேல் படுத்துவிட்டது, நேரான ஊசி மேலும் கீழும் போகிறது, துணியை அழுத்திப் பிடிக்க ஓர் அமைப்பு வந்துவிட்டது. இரண்டுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது? நுனிக்குப் பக்கத்தில் காதுள்ள ஊசியும், துணியின் மறுபக்கத்தில் இரண்டாவது நூலைக் கொண்டுபோகும் ஷட்டிலும். ஹோ வழக்குப் போட்டு வென்றது இந்தப் பொதுப் பகுதியை வைத்துத்தான்.

காப்புரிமைப் படத்தைத் தனியாகப் பார்க்காதீர்கள். கூடவே இருக்கும் எழுத்தில் ஒவ்வொரு அடையாள எழுத்தும் என்ன என்று இருக்கும், கடைசியில் கண்டுபிடிப்பாளர் எதை மட்டும் தன்னுடையது என்று கோருகிறார் என்றும் இருக்கும். அந்தக் கோரிக்கையைப் படித்துவிட்டு, படத்தில் அந்தப் பகுதிக்கு மட்டும் வண்ணம் அடியுங்கள். மற்றதெல்லாம் ஏற்கெனவே ஊரில் இருந்தது. 1836-க்கு முந்தைய அமெரிக்கப் படங்கள் என்றால் ஒரு எச்சரிக்கை: அந்த வருடம் டிசம்பர் 15-ஆம் தேதி காப்புரிமை அலுவலகம் எரிந்தபோது அதுவரையிலான ஆவணங்கள் சாம்பலாயின. இன்று கிடைப்பவை பிறகு திரட்டிச் சேர்த்த பிரதிகள்.

எல்லாம் முடிந்தபின் டிரேசிங் தாளைப் படத்தின்மேல் வைத்து, அசையும் பாகங்களை மட்டும் வரைந்தெடுங்கள். அசையாதவை வேண்டாம். பிறகு அதற்கு ஒரு பக்கத் தோற்றம் போடப் பாருங்கள். ஓவியர் காட்டாமல் விட்ட இடம் எது என்று அப்போது தெரிந்துவிடும். அந்த இடத்துக்காக இன்னொரு படம் தேடுங்கள்.

உங்கள் பிரதியைச் சேமிக்கும்போது கோப்பின் பெயரிலேயே வருடம், எந்திரம், வரைந்தவர், மூலம் நான்கையும் போட்டுவிடுங்கள். உரிமை விஷயம்: அமெரிக்காவில் வெளியாகி 95 ஆண்டு தாண்டியவை அங்கே பொதுச் சொத்து. இந்தியாவில் பொதுவாகப் படைத்தவர் இறந்து 60 ஆண்டு. ஆனால் சில அருங்காட்சியகங்கள் தாங்கள் எடுத்த படத்துக்கு வணிகப் பயன்பாடு கூடாது என்று நிபந்தனை போடுகின்றன, பதிவின் அடியில் பாருங்கள். பொதுச் சொத்தானாலும் வரைந்தவர் பெயரைப் போடுங்கள். ‘தாமஸ் பார்னி, செப்புத் தகட்டு அச்சு, 1719’ என்று படத்தின் கீழே ஒரு வரி போதும்.